பயனும் அழகும்: ஓர் உம்மையை வாசித்தல்

மதுரையிலிருந்து நத்தம் போகிற சாலையிலும் அழகர்கோவில் சாலையிலும் இப்போது அமோகமாக விளைவது விளம்பரப் பலகைகள்தான். ‘பண்ணை வீடு’ விற்கிறார்கள். வேலி போட்ட மனை, நடுவில் ஓட்டு வீடு மாதிரித் தோற்றம் காட்டுகிற கான்கிரீட் வீடு, சுற்றிலும் மா, தென்னை, கொய்யா, முன்னால் புல்தரை, வாசல் வளைவில் காகிதப்பூக்கொடி. வாசகங்கள் பலகைக்குப் பலகை மாறினாலும் சாரம் ஒன்றுதான்: இந்தத் தோட்டம் பலனும் தரும், பார்க்க அழகாகவும் இருக்கும். காசுக்குக் காசும் ஆச்சு, கண்ணுக்குக் குளிர்ச்சியும் ஆச்சு.

இதை வெறும் வியாபாரப் பேச்சு என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் இயற்கை வேளாண்மை பேசுகிற நம் நண்பர்களும், காந்தியம் பேசுகிறவர்களும், கொஞ்சம் நிலம் வாங்கிப்போட்டு எழுத்தைத் தொடரலாம் என்று கனவு காண்கிற எழுத்தாளர்களும் ஏறத்தாழ இதே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனவே அதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம். ‘பயனும் அழகும்.’ உம் என்கிற இடைச்சொல்லுக்கு நன்னூல் எட்டுப் பொருள் சொல்கிறது. அவற்றில் ஒன்று எண்; இதுவும் அதுவும் என்று கூட்டிக்காட்டுவது. இன்னொன்று எச்சம், ‘சாத்தனும் வந்தான்’ என்றால் சொல்லப்படாத இன்னொருத்தன் வந்ததையும் அது உள்ளே வைத்திருக்கும். விளம்பரப் பலகை தன் உம்மையை எண்ணும்மையாக நீட்டுகிறது. அதை எச்சவும்மையாக வாசித்தால் என்ன கிடைக்கும், சொல்லாமல் விடப்பட்டது யார் என்பதே இங்கு என் அக்கறை.

முதலில் சொற்கள். பூங்கா, சோலை, பொழில், நந்தவனம், தோப்பு, தோட்டம், கொல்லை, புழக்கடை, படப்பை. வீட்டையோ ஊரையோ ஒட்டிய விளைநிலத்தைச் சங்கப் பாடல்கள் படப்பை என்கின்றன. அங்கே பயனுக்குத் தனி இடம், அழகுக்குத் தனி இடம் என்ற பிரிவினை கிடையாது. பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் சோழநாட்டு மருதத்தைச் சொல்லும்போது தென்னை, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, சேம்பு, இஞ்சி என்று அடுக்கிக்கொண்டே போகிறார். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறாரே, அதே சந்தோஷம்தான். காந்தளுக்குக் கிடைக்கிற மரியாதை இஞ்சிக்கும் கிடைக்கிறது. ‘சமைக்கிற செடி, பார்க்கிற செடி’ என்ற பாகுபாடு நம் கவிதை மரபுக்குள் ரொம்பப் பிந்தி வந்த சரக்கு.

இதோடு நிறுத்திக்கொண்டு ‘ஆகா, நம் முன்னோர்!’ என்று பெருமூச்சு விடுவது பண்டிதர்களின் வேலை. நாம் அடுத்த வரிகளுக்குப் போவோம். அந்த அடுக்கு முடிந்ததும் அகன்ற முற்றத்தில் காயப்போட்ட உணவைக் கொத்த வருகிற கோழியை விரட்ட, தன் காதிலிருந்த கனமான குழையைக் கழற்றி எறிகிற பெண் வருகிறாள். செல்வச் செழிப்பின் படிமமாகத் தலைமுறை தலைமுறையாக வகுப்பறைகளில் சிலாகிக்கப்பட்டு வந்த இடம். தங்கத்தை வீசுகிறவள் தெரிகிறாள். சேம்பு நட்டவள், இஞ்சி கிளறியவள்? களை பறிப்பவர்களையும் உழவர்களையும் வேறு பாடல்களில் பார்க்கிறோம். இந்த முற்றத்தில் பார்க்க முடியவில்லை. அழகும் பயனும் கைகோத்திருக்கிற அந்த இடத்திலேயே மூன்றாவது கை மறைந்துவிடுகிறது.

கொல்லைக்கு வருவோம். மதுரைச் சுற்றுவட்டாரத்துப் பழைய வீடுகளில் இது வீட்டின் பின்புறம். கிணறு, துவைகல், மாட்டுக்கொட்டம், குப்பைக்குழி. குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் அங்கணக்குழி வழியாக ஓடி வாழைக்கும் சேம்புக்கும் போய்ச் சேரும். கொஞ்சம் தள்ளி முருங்கை, கறிவேப்பிலை, அவரைப் பந்தல், மூலையில் பவளமல்லி. யாரும் ‘வடிவமைக்காத’ தோட்டம். நீர் ஓடுகிற வழியே அதன் வரைபடம். எது எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கண் தீர்மானிப்பதில்லை, ஈரம் தீர்மானிக்கிறது. இன்றைக்குக் காசு கொடுத்து வகுப்பு எடுத்துச் சொல்லித்தருகிற கழிவுநீர் மறுசுழற்சியை நம் அத்தைகளும் அப்பத்தாக்களும் ஒரு சொல்கூடப் பேசாமல் செய்துகொண்டிருந்தார்கள். கொல்லை பெண்களின் இடமாகவும் இருந்தது. வீட்டின் முன்புறத்தில் பேச முடியாததைப் பேசவும், அழவும், மாதத்தின் மூன்று நாட்கள் ஒதுக்கிவைக்கப்படவும் அந்த இடம்தான். நம் பேச்சு வழக்கில் ‘கொல்லைக்குப் போறது’ என்றால் என்ன அர்த்தம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விளைச்சலும் பூவும் மலமும் ஒரே சொல்லுக்குள் இருந்தன. பூங்கா என்ற சொல்லுக்குள் இதெல்லாம் நுழைய முடியாது.

இந்தக் கொல்லையைத்தான் சூழலியல் பேசுகிறவர்கள் இப்போது மீட்டெடுக்கப் பார்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் கொல்லைக்கு ஒரு வாசல் இருந்தது என்பதை அவர்கள் வசதியாக மறந்துபோகிறார்கள். பாமாவின் ‘கருக்கு’ (1992) வெளிவந்த பிறகு தமிழில் யாரும் கொல்லைப்புறத்தைப் பழைய மாதிரி எழுதிவிட முடியாது. நாயக்கர் வீடுகளில் வேலை செய்கிற பாட்டி, தான் கொண்டுவந்த ஏனத்தைக் கழிவுநீர் ஓடுகிற பக்கமாக வைக்க, வீட்டுக்காரப் பெண் எட்ட நின்று குனிந்து, தொட்டுவிடாமல், மிச்சச் சோற்றை அதில் கவிழ்க்கிறாள். அதே தண்ணீர்தான் வாழைக்கும் போகிறது. வாழைக்குப் பாய்கிற தண்ணீரும் பாட்டிக்கு விழுகிற சோறும் வீட்டைவிட்டு வெளியேறுகிற வழி ஒன்று. சாணி அள்ளுகிற, கொட்டம் கூட்டுகிற, குழிவெட்டி எரு போடுகிற கை இந்தப் பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகவே போனது. கொல்லையின் சூழலியலும் அதன் சாதியும் ஒரே வாய்க்காலில் ஓடியவை. ஒன்றை மட்டும் வடிகட்டி எடுத்து ‘மரபு’ என்று பாட்டிலில் அடைத்து விற்க முடியாது.

முன்புறத்துக்கு வேறொரு வரலாறு. மதுரையில் அதைப் பார்க்க வைகைக்கு வடகரையில் தமுக்கம் இருக்கிறது. ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனை என்று சொல்லப்படுகிற கட்டடம். ஊர் தென்கரையில் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, ஆற்றுக்கு இந்தப் பக்கம் காற்றோட்டமாக ஒரு மாளிகை, சுற்றிலும் வெட்டவெளி. நாயக்கர்களுக்குப் பின் ஆர்க்காட்டு நவாபு, அப்புறம் கும்பினியார் என்று கைமாறி, கலெக்டர்களும் நீதிபதிகளும் குடியிருந்த பங்களா ஆனது. பங்களா என்றால் காம்பவுண்டு. காம்பவுண்டு என்றால் தோட்டக்காரர். வீட்டுக்கு முன்னால் தோட்டம் வைப்பது, அதுவும் பறித்துத் தின்ன ஒன்றுமில்லாத தோட்டம் வைப்பது, அதிகாரத்தின் முகவரியாக நம் நடுத்தர வர்க்கத்துக்குப் பதிந்தது இந்தப் பங்களாக்களைப் பார்த்துத்தான். குரோட்டன்ஸை நினைத்துப் பாருங்கள். காய்க்காது, மணக்காது, ஆடு மாடும் கடிக்காது, யாரும் திருடிக்கொண்டு போகவும் மாட்டார்கள். வேலையில் இருக்கிறவர் வீடு என்று சொல்ல அதைவிடப் பொருத்தமான செடி கிடையாது. முருங்கை அப்போதே பின்னால் போய்விட்டது.

அரசு 1955இல் தமுக்கத்தைச் சுமார் 13 ஏக்கர் நிலத்தோடு காந்தி நினைவு நிதிக்குக் கொடுத்தது. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைக்க அது காந்தி அருங்காட்சியகம் ஆயிற்று. வளாகத்துக்குள் சேவாகிராமத்துக் குடிலின் மாதிரி ஒன்றையும் கட்டி வைத்திருக்கிறார்கள். கோடை மாளிகையின் தோட்டத்தில் ஒரு குடிசை. உழைப்பின் எளிமை, பங்களாவின் பூங்காவுக்குள் ஒரு காட்சிப் பொருளாக. காந்தியை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் நின்று யோசிக்க வேண்டிய படிமம் இது. இரண்டு தரப்புமே யோசிக்கவில்லை.

ஏனென்றால் பயனா அழகா என்ற கேள்வியை காந்தியிடமே நேராகக் கேட்டவர் நம் பகுதிக்கு நெருக்கமானவர். 1924இல் சாந்திநிகேதன் மாணவராக இருந்த ஜி. ராமச்சந்திரன் அவரைச் சந்தித்துக் கலையைப் பற்றியும் அழகைப் பற்றியும் விடாமல் கேட்டார். அந்த உரையாடல் ‘யங் இந்தியா’வில் வெளிவந்தது. பட்டினி கிடக்கும் கோடிக்கணக்கானவர்களுக்கு எது உதவுகிறதோ அதுவே தன் மனத்துக்கு அழகு, முதலில் உயிர் வாழத் தேவையானதைக் கொடுப்போம், அலங்காரங்கள் பின்னால் வரும் என்கிற திசையில் காந்தியின் பதில் அமைந்தது. அந்த மாணவர்தான் பின்னாளில் டி. எஸ். சௌந்தரத்தோடு சேர்ந்து 1947இல் சின்னாளபட்டிப் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார். 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை அது மதுரை மாவட்டம்தான்.

காந்தியின் பதில் கம்பீரமானது. எனினும் அதில் ஒரு காலவரிசை இருக்கிறது: முதலில் சோறு, பிறகு பூ. இந்த ‘பிறகு’ யாருக்கு? மாளிகைக்காரர்களுக்கு எந்தக் காலத்திலும் ‘பிறகு’ இருந்ததில்லை. இல்லாதவர்களைத்தான் வரிசையில் நிற்கச் சொல்கிறோம். அவர்களோ நிற்கவும் இல்லை. எந்தக் காலனிக்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வாய் உடைந்த பானையில் கனகாம்பரம், பெயிண்ட் டப்பாவில் துளசி, கூரைமேல் ஏற்றிவிட்ட பீர்க்கங்கொடி மஞ்சளாகப் பூத்துக்கிடக்கும். அழகுணர்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் நிலத்துக்குத்தான்.

நிலம் என்றால் வயலை மட்டும் சொல்லவில்லை. வீட்டடி மனை. தமிழகத்தில் விவசாயக் கூலிகள், அதிலும் தலித்துகள், பல இடங்களில் குடியிருந்ததே பண்ணையாரின் மண்ணில். குடிசை இவனுடையது, குடிசைக்குக் கீழே உள்ள மண் அவருடையது. வாய் பேசினால் கூரையைப் பிய்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். இப்படிக் குடியிருக்கும் மனைகளை அவர்களுக்கே உடைமையாக்க 1971இல்தான் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. இதற்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். மாங்கொட்டை போட்டு வளர்த்தால் அதற்கும் அவ்வளவு காலம். நாளைக்கு இங்கே இருப்போமா என்று தெரியாதவன் தென்னம்பிள்ளை வைப்பானா? முருங்கைப் போத்தை ஒடித்து நட்டுவைப்பான். ஒரு வருஷத்தில் காய்த்துவிடும். கீரை விதைப்பான், இருபத்தைந்து நாளில் பிடுங்கிவிடலாம். எந்த வீட்டில் என்ன மரம் நிற்கிறது என்பதைக் கொண்டு அந்த வீட்டுக்காரருக்கு எத்தனை வருஷத்து எதிர்காலம் அனுமதிக்கப்பட்டிருந்தது என்று சொல்லிவிட முடியும். தோட்டக்கலை என்பது ருசி சார்ந்த விஷயம் என்று எழுதுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. மரம் வைக்கத் தேவைப்படுவது பட்டா. பட்டா வந்தபோதோ மூன்று சென்ட்டாக வந்தது. வீட்டைக் கட்டினால் கொல்லை இல்லை. கொல்லை விட்டால் வீடு இல்லை.

பயனும் அழகும் உண்மையிலேயே ஒன்றாகிவிட்ட ஒரு பயிர் மதுரையில் இருக்கிறது: மல்லிகை. 2013இல் புவிசார் குறியீடு வாங்கி உலகப் புகழும் அடைந்தாயிற்று. உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி, மேலூர் என்று சுற்றிலும் மல்லித் தோட்டங்கள். தங்கச்சிமடத்திலிருந்து நாற்று வருகிறது, கார்த்திகை வாக்கில் கவாத்து பண்ணுகிறார்கள், பங்குனி சித்திரையில் கொட்டுகிறது. பனிக்காலத்தில் வரத்து சுருங்கி மாட்டுத்தாவணியில் கிலோ ஆயிரங்களில் ஏறுகிறது. அழகே இங்கு விளைபொருள் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அந்தத் தோட்டத்துக்குள் ஒரு விநோதம் நடக்கிறது. பூவை அரும்பாகவே எடுத்துவிட வேண்டும். விடிவதற்கு முன்னால் பெண்கள் இறங்குகிறார்கள், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டும் எடுக்கிறார்கள். விரிந்துவிட்டால் போச்சு, சந்தையில் அதற்கு விலை இல்லை. மலர்தல் என்று நாம் கவிதையில் எதைக் கொண்டாடுகிறோமோ அது அங்கே நஷ்டக் கணக்கு. மல்லித் தோட்டத்தில் மல்லிகை பூப்பதை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க நேர்ந்தால் யாரோ வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். பூ விரிவது வேறெங்கோ, வேறு யாருடைய தலையிலோ, எந்தச் சந்நிதியிலோ. மொட்டுப்புழுவுக்கு அடித்த மருந்து மட்டும் எடுத்தவள் விரலில் தங்குகிறது. எடை போட்டுக் கூலி; ஒரு கிலோவுக்கு எத்தனை ஆயிரம் அரும்பு என்று அவளிடம்தான் கேட்க வேண்டும். அவள் கணவனை இழந்தவளாக இருந்தால், காலமெல்லாம் பூ எடுப்பாள், ஒரு முழம் வைத்துக்கொள்ள ஊர் விடாது.

கோயில் நந்தவனத்திலும் இதுவே விதி. பறிக்கிறவர் முகர்ந்து பார்க்கக்கூடாது. சாமிக்குக் கட்டிய மாலையைத் தான் முதலில் சூடிப்பார்த்தாள் என்பதுதான் ஆண்டாள் கதையின் அடிப்படை மீறல். பெரியாழ்வாரின் நந்தவனத்தில் உற்பத்திக்கும் நுகர்வுக்கும் இடையே போட்டிருந்த வேலியை அவள் தாண்டினாள். அதைப் பக்தியாக்கி, அவள் மாலையைச் சித்திரைத் திருவிழாவுக்கு அழகருக்கு வருஷந்தோறும் அனுப்பிவைக்கிற சாமர்த்தியம் நம் மரபுக்கு உண்டு. ஆனால் எல்லா மீறலையும் அது இப்படிச் செரித்துக்கொண்டதில்லை. எத்தனையோ நூற்றாண்டாகப் பூ உள்ளே போய்க்கொண்டிருந்த மீனாட்சி கோயிலுக்குள், வயலிலும் தோட்டத்திலும் கிடந்த கைகளில் ஒரு பெரும் பகுதி நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு வைத்தியநாதய்யருடன் போனவர்களில் கக்கனும் ஒருவர்.

தோட்டம் என்ற சொல்லைப் பாக்கி வைத்திருக்கிறேன். மதுரைக்காரர்களுக்கு அது கிணறும் பம்புசெட்டும் உள்ள நிலம். இதே மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை வறண்ட காடுகளிலிருந்து மண்டபம் வழியாக இலங்கை மலையகத்துக்குப் போனவர்களுக்கோ தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம், லயம், துரை பங்களா. அந்தச் சொல்லே வசையாகவும் மாறியது: ‘தோட்டக்காட்டான்.’ இன்று மலையகத் தேயிலைச் சரிவுகளைவிட அழகான விளைநிலம் இல்லை என்று சுற்றுலாப் படங்கள் சொல்கின்றன. பயனும் அழகும் உச்சத்தில் கூடிய இடம். படத்தில் கூடையோடு ஒரு பெண்ணும் நிற்பாள், நிலக்காட்சியின் ஒரு பகுதியாக. இலங்கையில் 1948இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜெஃப்ரி பாவா பெந்தோட்டைப் பக்கம், ஒரு காலத்தில் கறுவாவும் பின்பு ரப்பரும் விளைந்த ஒரு தோட்டத்தை வாங்கி, சாகும்வரை (2003) செதுக்கிச் செதுக்கி லுணுகங்க என்ற உலகப் புகழ்பெற்ற பூங்காவாக்கினார். கறுவா அங்கே ஒரு மேட்டின் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதே 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பாவா அதற்குக் காரணம் என்று சொல்ல வரவில்லை. அவர் கலைஞர், அவர் தோட்டம் வேறு நிலம். ஒரே ஆண்டில் ஒருவருக்குத் தன் மண்ணை வாழ்நாள் முழுக்க அழகுபடுத்திக்கொண்டிருக்க முடிகிறது, ஒரு ஜனத்துக்கு நாளைய மண்ணே இல்லாமல் போகிறது என்பதைச் சேர்த்து வாசிக்க வேண்டும் என்கிறேன். தென்னம்பிள்ளைக் கணக்குதான் இங்கேயும்.

ஐரோப்பாவுக்கும் இது புதிதல்ல. 1730களில் ஃபிலிப் சவுத்கோட் சர்ரே பகுதியில் தன் பண்ணையைச் சுற்றிப் பூச்செடிகள் நிறைந்த நடைபாதை போட்டு, நடந்துகொண்டே விளைச்சலை ரசிக்க வழி செய்தார். ‘அலங்காரப் பண்ணை’ என்று அதற்கு மவுசு. வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் மரி அந்துவானெத்துக்காக 1783இல் தொடங்கி ஒரு குட்டிக் கிராமமே கட்டிக்கொடுத்தார்கள், மாட்டுக்கொட்டம் சகிதமாக. உழைக்கிற நாட்டுப்புறம் எப்போது ‘நிலக்காட்சி’ ஆகிறதென்றால், பார்ப்பவர் அதிலிருந்து விலகி நிற்கும்போது என்று ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் எழுதினார். நமக்கு அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இங்கே விலகி நிற்பது கண்ணின் காரியமாக மட்டும் இருந்ததில்லை, தீட்டின் காரியமாகவும் இருந்தது.

நம் புனைகதை இதைக் கொஞ்சம் தொட்டிருக்கிறது. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் (1966) சுதந்திரத்துக்குப் பின் காற்றாடி மரத்தோப்பு அழிக்கப்பட்டுப் பூங்கா எழும்புகிறது. அந்த நாவலைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் புளியமரத்தையே சுற்றிச்சுற்றி வந்தார்கள். என் வாசிப்பில் தோப்பு பூங்காவாகிற அந்தப் பகுதிதான் கூர்மையானது. புதிய தேசம் தன் குடிமக்களுக்குக் காற்று வாங்க இடம் கொடுக்கிறது. ஏற்கெனவே காற்று வீசிக்கொண்டிருந்த இடத்தை வெட்டித்தான் கொடுக்கிறது. நாவலில் அது கிண்டலாக வருகிறது. கிண்டலோடு நாமும் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டோம்.

நத்தம் சாலைக்குத் திரும்பினால், பண்ணை வீட்டுப் பிரதியில் கொல்லை, பூங்கா இரண்டும் மறுபடி சேர்த்து ஒட்டப்படுவதைப் பார்க்கலாம். முன்னால் புல்தரை, பின்னால் மாமரம். பாறை மண்ணில் ஆழ்துளை போட்டுப் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்ச, பக்கத்துக் காட்டுக்காரர் கிணறு வற்றுகிறது. மாங்காயைப் பூவிலேயே குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள். சொந்தக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், இரண்டாம் சனிக்கிழமையும் சேர்ந்தால் ராத்திரி தங்குகிறார். மீதி நாளெல்லாம் அந்த நிலத்தில் வாழ்கிறவர்கள் காவலுக்கு வைக்கப்பட்ட குடும்பம். கேட்டுக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஓர் அறை. அந்த அறையில் துவைக்கிற, கழுவுகிற தண்ணீர் சுவரில் ஓட்டை வழியாக வெளியே ஓடுகிறது. அது ஓடுகிற தடத்தில் நாலு வாழை, ஒரு சேம்பு, கொஞ்சம் கீரை, ஒடித்து நட்ட ஒரு முருங்கைப் போத்து. விளம்பரப் படத்தில் இந்தப் பக்கம் வராது. தோட்டம் அமைத்துக்கொடுத்த நிறுவனத்தின் வரைபடத்திலும் இது கிடையாது. அடுத்த மாதமும் அந்தக் குடும்பம் அங்கே இருக்குமா என்பது அதன் கையில் இல்லை. போத்து இப்போதுதான் துளிர் விட்டிருக்கிறது.